கூகுள் லாகினுக்கு மிடில்வேர் போட்டாச்சு, அப்புறம் என்ன வேலை?

2025 ஜூன் 3, காலை (கேள்வி)

எக்ஸ்பிரஸில் (நோட் சர்வரில் ஓடும் வெப் கட்டமைப்பு) எழுதிய ஆப். சொந்த பாஸ்வேர்ட் லாகின் ஏற்கெனவே இருக்கிறது. பாஸ்போர்ட் மிடில்வேரை (ரிக்வெஸ்டின் வழியில் நின்று லாகினைக் கவனிக்கும் லைப்ரரி) வைத்து கூகுள், கிட்ஹப் இரண்டையும் சேர்த்தேன். கைப்பிடி அளவு புரோகிராம் கோடுதான். இதற்குப் போய் ஏன் இவ்வளவு பக்கம் எழுதுகிறார்கள் என்று புரியவில்லை. ஒன்று மட்டும் இடிக்கிறது. என் மெஷினில் ஓடுகிறது. சர்வரில் ஏற்றினால் கூகுளுக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் லாகின் பக்கத்திலேயே நிற்கிறது. எர்ரர் எதுவும் இல்லை. இன்னொன்று, கூகுள் தரும் ஈமெயில் என் டேபிளில் ஏற்கெனவே இருந்தால் அந்தக் கணக்கிலேயே உள்ளே விட்டுவிடுகிறேன். சரிதானே?

ஜூன் 3, முற்பகல் (பதில்)

முதல் கேள்வி சின்னது. இரண்டாவது பெரியது, அதை நீங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். சின்னதை முதலில் முடித்துவிடலாம்.

சர்வரில் நோடுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் மாதிரி ஒரு பிராக்ஸி (ரிக்வெஸ்டை வாங்கி உள்ளே தள்ளிவிடும் இடைச் சர்வர்) நிற்கிறதா? நிற்கும். எச்டிடிபிஎஸ் அதோடு முடிந்துவிடுகிறது. உள்ளே நோடுக்கு வருவது வெறும் எச்டிடிபி. செஷன் குக்கிக்கு (லாகின் ஆனவரை நினைவில் வைக்க பிரௌசரில் வைக்கும் குறிப்பு) 'செக்யூர்' என்று ட்ரூ கொடுத்திருப்பீர்கள். எக்ஸ்பிரஸ்-செஷன் என்ன செய்யும்? வந்த இணைப்பு எச்டிடிபிஎஸ் இல்லை என்று பார்த்து, குக்கியை அனுப்பாமலே விட்டுவிடும். குறை சொல்லாது, லாகில் ஒரு வரி எழுதாது. கூகுளிலிருந்து திரும்பியவரை பாஸ்போர்ட் ஒழுங்காக அடையாளம் கண்டு செஷனில் எழுதியிருக்கும், ஆனால் அந்த செஷனின் எண் பிரௌசருக்குப் போய்ச் சேரவே இல்லை. அடுத்த ரிக்வெஸ்டில் அவர் யாரோ ஒருவர். திரும்ப லாகின் பக்கம்.

எக்ஸ்பிரஸில் 'டிரஸ்ட் பிராக்ஸி' செட்டிங்கை 1 என்று வையுங்கள். பிராக்ஸி பக்கத்தில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடர் (வெளியே வந்தது எச்டிடிபிஎஸ்தான் என்று உள்ளே சொல்வது) போகிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பயன் இல்லை.

ஜூன் 3, மதியம்

ஊகமாகச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். பிரௌசரில் நெட்வொர்க் பேனலைத் திறந்து, பழைய பதிவுகள் அழியாமல் இருக்க 'பிரிசர்வ் லாக்' டிக் போட்டு, லாகின் செய்யுங்கள். கால்பேக் முகவரிக்கு (கூகுள் யூசரைத் திருப்பி அனுப்பும் இடம்) வந்த 302 (ரீடைரக்ட்) பதிலைத் தேடி அதில் செட்-குக்கி ஹெடர் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் மேலே சொன்னதுதான். இருக்கிறது, ஆனால் அடுத்த ரிக்வெஸ்டில் குக்கி திரும்பி வரவில்லை என்றால் அது வேறு நோய். சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்டில் குக்கி போகலாமா என்று சொல்லும் செட்டிங்) பக்கம் போக வேண்டும்.

ஜூன் 3, இரவு

"எர்ரர் எதுவும் இல்லை" என்று நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதிலேயே இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. உங்கள் ஸ்ட்ராட்டஜியில் (ஒவ்வொரு சேவைக்கும் பாஸ்போர்ட்டில் சேர்க்கும் பகுதி) ஸ்டேட் போடவில்லை போலிருக்கிறது.

பாஸ்போர்ட்டின் ஓஆத்2 (இன்னொரு சேவையிடம் அனுமதி வாங்கும் நெறிமுறை) ஸ்ட்ராட்டஜி ஸ்டேட்டைத் தானாகப் போடாது. 'ஸ்டேட்: ட்ரூ' என்று நீங்கள் கேட்டால்தான் ஒரு ரேண்டம் மதிப்பை செஷனில் வைத்து, கூகுளுக்கும் அனுப்பி, திரும்பி வரும்போது இரண்டும் ஒன்றா என்று பார்க்கும். போட்டிருந்தால், தோற்றவரை லாகின் பக்கத்துக்கே திருப்பும்படி நீங்கள் எழுதாதவரை, குக்கி தொலைந்த அதே நிலைமையில் உங்களுக்கு ஒரு 403 (அனுமதி இல்லை) வந்திருக்கும். சத்தமில்லாமல் சுற்றி வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஸ்டேட் எதற்கு? கால்பேக் என்பது யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரு யூஆர்எல். ஒருவன் தன்னுடைய கூகுள் கணக்கில் பாதிவரை போய், கூகுள் கொடுத்த ஒருமுறைக் குறியீட்டை (கோட்) உபயோகிக்காமல், அந்தக் கால்பேக் லிங்க்கை உங்கள் யூசருக்கு அனுப்புகிறான். அவர் அழுத்தினால் அவனுடைய கணக்கில் லாகின் ஆகிவிடுவார், தெரியாமலே. அப்புறம் அவர் பதிவேற்றும் ஃபைல், சேமிக்கும் கார்டு விவரம் எல்லாம் அவன் கணக்கில். இந்த பிரௌசரில் தொடங்கிய பயணம்தான் இந்த பிரௌசருக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று உறுதி செய்வதற்குத்தான் ஸ்டேட். 2012 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 6749 (ஓஆத் 2.0-வின் விதி ஆவணம்) அதைக் கட்டாயம் என்று சொல்லவில்லை, பரிந்துரை என்று மட்டும் சொன்னது. அந்தத் தளர்வுதான் இன்றுவரை லைப்ரரிகளின் டீஃபால்ட்டில் தெரிகிறது.

கூடவே பிகேசிஇ-யையும் (அந்தக் குறியீட்டைத் திருடியவர் பயன்படுத்த முடியாதபடி செய்யும் கூடுதல் சோதனை) இயக்கிவிடுங்கள். மொபைல் ஆப்களுக்காக 2015-இல் வந்தது (ஆர்எஃப்சி 7636). இப்போது சர்வர் பக்க ஆப்களுக்கும் அதுதான் பரிந்துரை. 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 அப்படித்தான் சொல்கிறது. இதுவும் ஒரு ஆப்ஷன்தான், ஒரு வரி.

ஜூன் 4, காலை

டிரஸ்ட் பிராக்ஸி போட்டதும் சரியாகிவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. நல்லது. இனி ஈமெயில்.

ஈமெயில் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வது சரியில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஆப்பில் பாஸ்வேர்ட் வைத்துப் பதிவு செய்யும்போது ஈமெயிலை உறுதி செய்த பிறகுதான் கணக்கு உருவாகிறதா, அல்லது உருவாக்கிவிட்டு "அப்புறம் உறுதி செய்யுங்கள்" என்கிறீர்களா? பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படியானால் நான் உங்கள் ஈமெயிலைப் போட்டு, எனக்குத் தெரிந்த ஒரு பாஸ்வேர்டோடு இன்றே ஒரு கணக்கு திறந்து வைக்கலாம். உறுதி செய்ய முடியாது, பரவாயில்லை, காத்திருப்பேன். சில மாதம் கழித்து நீங்கள் வந்து கூகுள் பட்டனை அழுத்துகிறீர்கள். ஈமெயில் பொருந்துகிறது, ஆப் உங்களை நான் திறந்து வைத்த கணக்குக்குள் விடுகிறது. நீங்கள் சந்தோஷமாகப் பயன்படுத்துகிறீர்கள். என் பாஸ்வேர்டும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. இது கற்பனை இல்லை. 2022-இல் இரண்டு ஆய்வாளர்கள் 75 பிரபலமான சேவைகளை எடுத்துப் பார்த்தார்கள். குறைந்தது 35 சேவைகளில் இதுவோ இதன் வேறு வடிவமோ நடக்கும் நிலை இருந்தது.

எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. அடையாளம் தரும் பக்கம் சொல்கிற ஈமெயில் உண்மையிலேயே அவருடையதா? 2023 ஜூனில் டிஸ்கோப் நிறுவனத்தார் வெளியிட்டது நினைவிருக்கலாம். மைக்ரோசாஃப்டின் அஸூர் ஏடி-யில் (நிறுவனங்களுக்கான லாகின் சேவை, இப்போது பெயர் என்ட்ரா ஐடி) ஒரு டெனன்டின் (அதைப் பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தின்) அட்மின் எந்தக் கணக்குக்கும் எந்த ஈமெயிலையும் எழுதி வைக்க முடிந்தது, அது டோக்கனில் (லாகின் முடிந்ததும் ஆப்புக்கு வரும் சான்று) அப்படியே வந்தது. அந்த ஈமெயிலை நம்பிக் கணக்கைத் திறந்துவிட்ட ஆப்கள் எல்லாம் மாட்டிக்கொண்டன. ஈமெயிலை அடையாளமாக வைக்காதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே ஆவணத்தில் எழுதியிருந்தது. யார் படித்தார்கள்?

எனவே சாவி ஈமெயில் இல்லை. கூகுள் என்றால் டோக்கனில் வரும் 'சப்' மதிப்பு (அந்தக் கணக்கின் மாறாத ஐடி). கிட்ஹப் என்றால் எண் வடிவில் வரும் ஐடி. கிட்ஹப் யூசர்நேமைச் சாவியாக வைத்த கோடையும் பார்த்திருக்கிறேன். யூசர்நேமை மாற்றிக்கொள்ளலாம், விட்டுப்போன பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம், அப்போது அவருக்கு உங்கள் ஆப்பில் ஒரு கணக்கு இலவசம்.

யூசர் டேபிளில் 'கூகுள் ஐடி', 'கிட்ஹப் ஐடி' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை சேர்க்காமல், தனியாக ஒரு டேபிள் வையுங்கள். யூசர் ஐடி, எந்தச் சேவை, அந்தச் சேவையில் அவருடைய ஐடி. பின்னிரண்டும் சேர்ந்து யுனிக். லாகினில் இந்த டேபிளில்தான் தேடல். ஈமெயில் என்பது கடிதம் அனுப்ப மட்டும்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

அப்படியானால் பழைய யூசர் கூகுள் பட்டனை அழுத்தினால் என்ன செய்வது? புதுக் கணக்கு திறக்காதீர்கள், அதுவும் தொல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு, "என் பழைய ஆர்டர் எல்லாம் எங்கே" என்று சப்போர்ட்டுக்கு அழைப்பு. "இந்த ஈமெயிலில் ஒரு கணக்கு இருக்கிறது, பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வந்து கூகுளை இணைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பக்கம் காட்டுங்கள். பாஸ்வேர்ட் மறந்திருந்தால் ரீசெட் லிங்க் அந்த ஈமெயிலுக்கே போகும், அதுவே நிரூபணம்.

மிடில்வேர் இந்தப் பக்கத்தை எழுதித் தராது. வந்தவர் கூகுளில் யார் என்று கண்டுபிடித்து உங்கள் ஃபங்ஷனின் கையில் கொடுப்பதோடு அதன் பொறுப்பு தீர்ந்தது. அவர் உங்கள் ஆப்பில் யார் என்பது உங்கள் முடிவு. பாஸ்போர்ட்டில் 'வெரிஃபை' ஃபங்ஷன் என்று ஒன்று எழுதியிருப்பீர்களே, உண்மையில் மொத்த வேலையும் அங்கேதான். உதாரணக் கோடுகளில் அது ஒரே வரியில், 'ஃபைண்ட் ஆர் கிரியேட்' என்று முடிந்துவிடும். அந்த ஒரு வரிதான் இந்த இழை இவ்வளவு நீளக் காரணம்.

ஜூன் 5

"இது ரொம்பக் கறார், யூசர் பாதியிலேயே ஓடிவிடுவார்" என்று ஒருவர் சொல்கிறார். யோசித்துப் பார்த்தேன், கொஞ்சம் தளர்த்தலாம். உங்கள் பக்கத்தில் அந்தக் கணக்கின் ஈமெயில் ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். எதிர்ப் பக்கமும் அந்த ஈமெயிலுக்கு உண்மையான அதிகாரியாக இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் தானாக இணைக்கலாம். கூகுளே தன் ஆவணத்தில் இதைப் பிரித்துச் சொல்கிறது. முகவரி ஜிமெயில் டாட் காம் என்று முடிந்தால் கூகுள் அதிகாரி. 'ஈமெயில் வெரிஃபைட்' ட்ரூவாக இருந்து, 'எச்டி' என்ற மதிப்பும் இருந்தால் அது வொர்க்ஸ்பேஸ் கணக்கு, அதற்கும் கூகுள் அதிகாரி. மற்றபடி ஒருவர் வேறொரு நிறுவனத்தின் ஈமெயிலை வைத்து கூகுள் கணக்கு திறந்திருந்தால், அது என்றோ ஒருநாள் உறுதி செய்யப்பட்டது, அவ்வளவுதான். இன்று அந்த அஞ்சல்பெட்டி யாரிடம் என்று கூகுளுக்கும் தெரியாது.

உறுதி செய்யாத பழைய கணக்கோடு மட்டும் எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். இணைத்தே ஆக வேண்டும் என்றால் பழைய பாஸ்வேர்டையும் திறந்திருக்கும் செஷன்களையும் அழித்துவிட்டு இணையுங்கள்.

ஜூன் 5, மாலை

கிட்ஹப்பில் ஈமெயில் நல் (வெறுமை) என்று வருகிறது என்ற கேள்விக்கு: ப்ரொஃபைலில் ஈமெயிலைப் பொதுவில் காட்டாதவருக்கு அப்படித்தான் வரும். 'யூசர்:ஈமெயில்' ஸ்கோப் (அனுமதி வரம்பு) கேட்டு, ஈமெயில் பட்டியலுக்கான தனி ஏபிஐயைக் கூப்பிடுங்கள். அதில் எது பிரைமரி, எது உறுதி செய்யப்பட்டது என்று தனித்தனியாக வரும். இரண்டும் ட்ரூவாக இருக்கும் ஒன்றை எடுங்கள். பட்டியலின் முதல் வரியை எடுக்காதீர்கள்.

ஜூன் 7

ஆப்பிளையும் சேர்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். வாழ்த்துகள். இங்கே மிடில்வேர் புராணம் மாறும்.

பெயரோ ஈமெயிலோ கேட்டால் ஆப்பிள் கால்பேக்கை கெட் முறையில் (லிங்க்கைத் திறப்பது போல) அனுப்பாது, போஸ்ட் முறையில்தான் (ஃபார்மைச் சமர்ப்பிப்பது போல) அனுப்பும். வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டோடு சேம்சைட் லாக்ஸ் (நடுத்தரக் கட்டுப்பாடு) குக்கி சேர்ந்து வராது. ஸ்டேட் செஷனில் இருக்கிறது, செஷன் குக்கியில் இருக்கிறது, குக்கி வரவில்லை, ஆகவே 403. இதில் ஒரு வினோதம் உண்டு. சேம்சைட் எதையும் குறிப்பிடாத குக்கியை குரோம் 80 பதிப்பிலிருந்து (2020 பிப்ரவரி) லாக்ஸ் என்றே நடத்துகிறது. ஆனால் அது புதிதாக வைக்கப்பட்ட குக்கி என்றால் 2 நிமிடம் மட்டும் இந்த போஸ்ட்டுக்கு விதிவிலக்கு. டெவலப்பர் சட்டென்று லாகின் செய்து பார்ப்பார், ஓடும். யூசர் இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக்கு போனைத் தேடி எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்திருக்கும். "சில பேருக்கு மட்டும் வேலை செய்யவில்லை" என்று டிக்கெட் வரும்.

முழு செஷன் குக்கியையும் சேம்சைட் நன் (கட்டுப்பாடு இல்லை) ஆக்குவது சோம்பேறி வழி. ஸ்டேட்டுக்கு மட்டும் ஆயுள் குறைந்த தனிக் குக்கி ஒன்றை நன், செக்யூர் என்று வையுங்கள். செஷன் குக்கி லாக்ஸாகவே இருக்கட்டும்.

பெயர் முதல் தடவை அனுமதி தரும்போது மட்டுமே வரும். அந்த நேரத்தில் உங்கள் டேட்டாபேஸ் எழுதத் தவறினால் அடுத்த லாகினில் பெயர் வராது. யூசர் தன் ஆப்பிள் கணக்கு செட்டிங்கில் போய் உங்கள் ஆப்பை நீக்கினால்தான் மறுபடி வரும். கிளையன்ட் சீக்ரெட் (உங்கள் ஆப் தன்னை நிரூபிக்கும் ரகசிய மதிப்பு) என்பதும் நிலையான சரம் இல்லை, நீங்களே கையொப்பமிட்டு உருவாக்கும் ஜேடபிள்யூடி (ஒரு வகை டோக்கன்), அதிகபட்ச ஆயுள் 6 மாதம். காலண்டரில் குறித்து வைப்பதைவிட ஒவ்வொரு தடவையும் கோடிலேயே புதிதாக உருவாக்குவது மேல். யூசர் ஈமெயிலை மறைத்தால் ஆப்பிளின் ரிலே முகவரி (கடிதத்தை அவருக்குத் தள்ளிவிடும் மாற்று முகவரி) வரும். அதை எந்தப் பழைய கணக்கோடும் பொருத்த முடியாது. மேலே போட்ட ஈமெயில் சண்டையே இங்கே இல்லை, ஒரு வகையில் நிம்மதி.

ஜூன் 7, பிற்பாடு

சேம்சைட் என்று பேச்சு வந்ததால்: 'ஸ்ட்ரிக்ட்' (மிகக் கடுமையான மதிப்பு) வைத்தால் பாதுகாப்பு கூடும் என்று வைப்பவர்கள் உண்டு. கூகுளிலிருந்து திரும்பி வரும் ரீடைரக்டிலும் ஸ்ட்ரிக்ட் குக்கி வராது. அறிகுறி: லாகின் ஆகவில்லை மாதிரி தெரியும், பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் ஆகியிருக்கும். இதைப் பார்த்தவுடன் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஜூன் 8

ஃபேஸ்புக் லாகினுக்குப் பிறகு யூஆர்எல் கடைசியில் ஒரு ஹேஷ், அண்டர்ஸ்கோர், ஈக்வல்டு, அண்டர்ஸ்கோர் ஒட்டிக்கொண்டு வருகிறது, ஹேக் ஆகிவிட்டதா என்று கேட்டவருக்கு: இல்லை. அது அவர்கள் வேண்டுமென்றே ஒட்டி அனுப்புவது. மூக்குக்கண்ணாடி போட்ட முகம் மாதிரி இருக்கிறது என்று ரசித்துவிட்டு அழித்துவிடுங்கள்.

ஜூன் 10

ரூபி பக்கமிருந்து ஒருவர், "எங்கள் ஓம்னிஆத்தில் (ரூபியின் லாகின் லைப்ரரி) இதெல்லாம் தானாகவே வருகிறது" என்கிறார். ஸ்டேட் வருகிறது, உண்மை. ஆனால் லாகின் தொடங்கும் முகவரியே கெட் முறைக்குத் திறந்து கிடந்தது. வேறொரு தளம் தன் பக்கத்தில் அந்த முகவரியை வைத்து, உங்கள் யூசரின் பிரௌசரை அவர் அறியாமல் கணக்கு இணைப்புக்குள் தள்ளிவிடலாம். பயணம் அதே பிரௌசரில் தொடங்குவதால் ஸ்டேட்டும் பொருந்திவிடும். இந்த ஓட்டைக்கு வந்த சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியல்) எண்ணிலேயே 2015 இருக்கிறது; டீஃபால்ட் போஸ்ட் மட்டும் என்று மாறியது 2021-இல் வந்த 2.0 பதிப்பில்தான்.

எனவே எந்த மொழியாக இருந்தாலும் கூகுள் பட்டனை லிங்க்காக வைக்காமல் ஃபார்மாக, சிஎஸ்ஆர்எஃப் டோக்கனோடு (ஃபார்ம் நம் தளத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசிய மதிப்பு) வையுங்கள். முக்கியமாக 'கணக்கை இணை' பட்டன்.

ஜூன் 12

"மொபைல் ஆப் தானே கூகுளில் லாகின் செய்து ஆக்சஸ் டோக்கனை என் சர்வருக்கு அனுப்புகிறது, சர்வர் அதை வைத்து கூகுளிடம் யூசர் விவரம் கேட்கிறது. இங்கே மிடில்வேரே வேண்டாமே?"

நிறுத்துங்கள். இதே அமைப்பை ஒரு குழுவின் கோடைப் பார்வையிடும்போது பார்த்தேன்; டோக்கன் வந்தது, கூகுள் 200 (சரி) என்றது, உள்ளே விட்டார்கள். ஆக்சஸ் டோக்கன் சொல்வது இந்தத் தரவைத் தொட அனுமதி உண்டு என்பதை மட்டுமே. அது யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்று நீங்கள் பார்க்கவே இல்லை. நான் ஒரு ராசிபலன் ஆப் விட்டு, அதில் கூகுள் லாகின் வைத்து, வருகிறவர்களின் டோக்கன்களைச் சேர்த்து, உங்கள் சர்வருக்கு அனுப்பினால்? கூகுள் எல்லாவற்றுக்கும் 200 சொல்லும்.

ஓஆத் அனுமதிக்கான நெறிமுறை. லாகினுக்கு என்று அதன்மேல் கட்டியதுதான் 2014 பிப்ரவரியில் முடிவான ஓபன்ஐடி கனெக்ட். ஐடி டோக்கனை (இவர் யார், எந்த ஆப்புக்காக என்று சொல்வது) அனுப்பச் சொல்லுங்கள். கையொப்பம், வழங்கியவர், காலாவதி, அதோடு 'ஆட்' (யாருக்காகக் கொடுத்தது) என்பது உங்கள் கிளையன்ட் ஐடிதானா (கூகுளில் உங்கள் ஆப்பின் அடையாளம்), இவற்றைச் சர்வரில் பாருங்கள். கூகுளின் சொந்த லைப்ரரிக்கு கிளையன்ட் ஐடியைக் கொடுத்தால் அதுவே பார்க்கும். கொடுக்க மறந்தால் 'ஆட்' சரிபார்ப்பை விட்டுவிடும் வகை லைப்ரரிகளும் உண்டு. கிட்ஹப்பின் ஓஆத் லாகினில் ஐடி டோக்கன் கிடையாது. எனவே அங்கே அந்த ஒருமுறைக் குறியீடு சர்வருக்கு வந்து, சர்வரே அதை டோக்கனாக மாற்ற வேண்டும்.

ஜூன் 12, இரவு

ஓஆத் 2.0-வின் முதன்மை ஆசிரியர் ஈரன் ஹேமர், வரைவு முடியும் தறுவாயில் 2012 ஜூலையில் தன் பெயரையே எடுத்துக்கொண்டு வெளியேறினார். நெறிமுறை என்பதைவிட ஒரு சட்டகமாக ஆகிவிட்டது, ஆளாளுக்கு ஒன்று செய்வார்கள் என்பது அவர் குறை. கூகுளுக்கு ஒன்று, கிட்ஹப்புக்கு ஒன்று, ஆப்பிளுக்கு ஒன்று என்று மேலே எழுதியதைப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதியாவது நடந்திருக்கிறது. 

ஜூன் 15

"லாகின் முடிந்ததும் யூசர் முதலில் கேட்ட பக்கத்துக்குப் போகாமல் முகப்புக்குப் போகிறார். பாஸ்போர்ட்டை அப்டேட் செய்ததிலிருந்து."

காரணம் பாஸ்போர்ட்டின் 0.6 பதிப்பு (2022). செஷன் ஃபிக்சேஷனை (தாக்குபவர் தனக்குத் தெரிந்த செஷன் எண்ணை யூசருக்குத் திணிப்பது) தடுக்க லாகின் ஆனவுடன் பழைய செஷனை வீசிவிட்டுப் புதிதாக ஒன்று தருகிறது. நீங்கள் 'ரிட்டர்ன் டு' என்று செஷனில் வைத்த முகவரியும் அதோடு போயிற்று. 'கீப் செஷன் இன்ஃபோ' என்ற ஆப்ஷன் உண்டு, ஆனால் மொத்தத்தையும் சுமந்து வருவதைவிட, கால்பேக்கில் அந்த ஒரு முகவரியை முதலிலேயே ஒரு வேரியபிளில் எடுத்து வைப்பதே எனக்குப் பிடிக்கும். அதே பதிப்பில்தான் லாகவுட்டும் கால்பேக் ஃபங்ஷன் கேட்க ஆரம்பித்தது.

அந்த முகவரியைக் கண்ணை மூடிக்கொண்டு ரீடைரக்ட் செய்யாதீர்கள். ஒரு ஸ்லாஷில் தொடங்கினால் நம் தளம்தான் என்று சோதிப்பார்கள்; இரண்டு ஸ்லாஷில் தொடங்குவதும் ஒரு ஸ்லாஷில்தான் தொடங்குகிறது, பிரௌசர் அதை வேறு தளமாக எடுத்துக்கொள்ளும்.

ஜூன் 15, இன்னொன்று

லாகவுட் அழுத்தினாலும் மறுபடி கூகுள் பட்டனை அழுத்தினால் கேள்வியே கேட்காமல் உள்ளே போய்விடுகிறது என்கிறார்கள். உங்கள் லாகவுட் உங்கள் செஷனை மட்டும்தான் முடிக்கிறது, கூகுள் செஷன் அப்படியே இருக்கிறது. பொதுக் கணினியில் பயன்படுத்துபவர்கள் அதிகம் என்றால், 'பிராம்ட்' மதிப்பில் 'செலக்ட் அக்கவுண்ட்' என்று அனுப்புங்கள், எந்தக் கணக்கு என்றாவது கேட்கும்.

ஜூன் 19

கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார். தனி டேபிள் போட்டாச்சு, இணைக்கும் பக்கமும் ரெடி. செட்டிங்ஸில் 'கூகுளை நீக்கு' பட்டனும் வைத்திருக்கிறார்.

பாஸ்வேர்டே இல்லாமல் கூகுளில் மட்டும் வந்தவர் அதை அழுத்தினால் வாசல் மூடிவிடும். கடைசி வழி என்றால் பட்டனை மறைக்கிறேன் என்கிறீர்கள், சரி. சர்வரிலும் சோதியுங்கள். அந்தச் சோதனையை டேட்டாபேஸ் டிரான்சாக்ஷனுக்குள், யூசர் டேபிளில் அவருடைய வரியைப் பூட்டிவிட்டுச் செய்யுங்கள். இரண்டு பிரௌசர் டேப்களில் கூகுளையும் கிட்ஹப்பையும் ஒரே நேரத்தில் நீக்கினால், இன்னும் ஒன்று மீதி இருக்கிறது என்று இரண்டு ரிக்வெஸ்டும் நினைத்துக்கொள்ளும்.